பெடல் வீட்டில் இருந்தால் அது சைக்கிள் இல்லை

இயேசு மரி சூசை துணை

மல்வேர்ன்
ஒக்ரோபர், செவ்வாய்க்கிழமை

மிசிசாகாவில் இரண்டு காரோடும் ஒரு கராஜோடும் ஆண்டவர் காத்துவரும் என் அன்புள்ள றொபேட் அண்ணைக்கு, தங்கச்சி அருள்நாயகி எழுதிக்கொள்வது. உங்கள் பிரஷரும் அண்ணியின் முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் மச்சான் அல்பேட்டும் மகள் ஸ்டெபனியும் நலம். ஒருவரும் மறியலில், கம்பிக்குள், இல்லை.

கடைசி வசனத்தை ஏன் எழுதினேன் என்று உங்களுக்கே தெரியும். ஞாயிறு இரவிலிருந்து ஏழு வொயிஸ் மெசேஜ் விட்டிருக்கிறீர்கள். ஏழையும் கேட்டேன். போனில் பதில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நீங்கள் பேச நான் கேட்கலாமே தவிர, நான் பேச நீங்கள் கேட்டதாக நம் குடும்பத்தில் சாட்சி இல்லை. வட்சப்பில் அனுப்பினால் விடிவதற்குள் பரிஸில் இருக்கும் சின்னண்ணை வரைக்கும் போய்விடும். கடிதத்தை அப்படி அனுப்ப முடியாது. ஆகையால் இருந்து, ஆறுதலாக, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசியுங்கள்.

நடந்தது இதுதான். என் வேலை உங்களுக்குத் தெரியும். வயதுபோனவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்து, மருந்து எடுப்பித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும். ஒரு நாளைக்கு நாலு வீடு. ஒரு வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் இடையில் அரை மணித்தியாலம் தருவார்கள். அந்த அரை மணித்தியாலத்தில் பஸ் வராது. வந்தால் இரண்டு பஸ் ஒன்றன்பின் ஒன்றாக, கலியாண ஊர்வலம் மாதிரி வரும். கார் ஓடலாமே என்பீர்கள். என்னைப் பழக்கினவரே நீங்கள்தான் அண்ணை, நீங்கள் போட்ட சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. லைசன்ஸ் எடுக்க ரோட் ரெஸ்ற் நாலு தரம் போனேன். நாலாம் தரம் சோதித்த மனிதர் பாதி வழியில் காரை ஓரமாக நிற்பாட்டச் சொல்லி, இறங்கி, நடந்தே ஒஃபிசுக்குத் திரும்பிப் போனார். நான் காருக்குள் இருந்து ஒரு தேவமாதா மன்றாட்டை முழுதாகச் சொல்லி முடித்தேன். அதோடு கார் ஆசையை விட்டேன்.

அப்போதுதான் விட்பியில் கீதன் என்று ஒருவர் தன் வீட்டுக் கராஜில் வைத்துப் பற்றறிச் சைக்கிள் விற்கிறார் என்று கேள்விப்பட்டோம். போய்ப் பார்த்தால் அது சைக்கிள் மாதிரி இல்லை. ஊரில் தபால்காரர் ஓடுகிற ஸ்கூட்டர் மாதிரி, முன்னுக்கு லைற்றும் பின்னுக்கு ஒரு பெட்டியும் நல்ல அகலமான சீற்றும். "அன்ரி, இதுக்கு லைசன்ஸ் தேவையில்லை, நம்பர் பிளேற் தேவையில்லை, இன்சூரன்ஸ் தேவையில்லை. ஹெல்மெற்றைப் போட்டியளோ, ஏறினியளோ, போனியளோ, அவ்வளவுதான்" என்றார். பக்கத்தில் இரண்டு சின்னப் பெடல் தொங்கிக்கொண்டிருந்தது. உது என்னத்துக்கு என்று கேட்டேன். "சும்மா அன்ரி, ஒருத்தரும் மிதிக்கிறேல்லை. காலில அடிக்கும், கழட்டித் தாறன்" என்று கழற்றி ஒரு பொலித்தீன் பையில் போட்டுத் தந்தார். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

உங்கள் மச்சானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அன்று தொடங்கிய அழுகை. "நாயகி, முப்பத்திரண்டு வருஷம் உன்னைக் கண்ணுக்குள்ள வைச்சுப் பாத்தது லொறிக்குக் கீழ குடுக்கிறதுக்கோ?" என்று கேட்டார். கண்ணுக்குள் வைத்துப் பார்த்தது எனக்கு அன்றுதான் தெரியவந்தது. பற்றறி தீப்பிடிக்கும் என்று எங்கோ வாசித்துவிட்டு, நான் சார்ஜ் போடும்போதெல்லாம் எதிரில் கதிரை போட்டு, மடியில் தீயணைக்கும் சிலிண்டரும் கையில் செபமாலையுமாக, பச்சை லைற் வரும்வரை இமை கொட்டாமல் காவலிருப்பார். நான் பிரசவ அறையில் இருந்தபோதும் இந்த மனிதர் இவ்வளவு நேரம் முழித்திருக்கவில்லை.

ஆசீர்வதிப்பதற்காகக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். பங்குக் குருவான சுவாமி தீர்த்தச் செம்போடு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அருள்நாயகி, இது சைக்கிளோ, மோட்டார் சைக்கிளோ?" என்று கேட்டார். "ஆண்டவருக்குத் தெரியும் சுவாமி" என்றேன். சிரித்துக்கொண்டே தெளித்துவிட்டார். ஆனால் அண்ணை, சுவாமி கேட்ட அந்தக் கேள்விதான் பிறகு என்னை ரோட்டு ரோட்டாகத் துரத்தியது. எங்கள் பில்டிங்கைப் பார்த்துக்கொள்ளும் சுப்பர் சைக்கிள் அறையில் விடக்கூடாது என்றார், ஏனென்றால் அது மோட்டார். கார் பார்க்கிங்கிலும் விடக்கூடாது என்றார், ஏனென்றால் பிளேற் இல்லை. சைக்கிள்காரர் போகிற கோட்டுக்குள் போனால் "மோட்டார்சைக்கிள், வெளியில போ" என்று கத்துவார்கள். வெளியில் போனால் கார்க்காரர் கண்ணாடியை இறக்கி "சைக்கிள், உள்ளுக்குப் போ" என்று கத்துவார்கள். நடைபாதையில் ஏறவே கூடாது, அது சட்டம். கடைசியில் நான் உலகத்தில் எங்கேதான் போவது? ஒரு நாள் ஒரு பெரிய லொறி என்னை உரசினாற்போலப் போனது. அந்தக் காற்றில் வண்டி ஒரு ஆட்டம் ஆடி, நான் கரைப் புல்லில் ஏறி நின்றேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் இவர் காவலிருக்கும் கதிரையை ரோட்டிலேயே கொண்டுவந்து போட்டுவிடுவார்.

ஆனாலும் அண்ணை, உண்மையைச் சொன்னால், ஒரு வீட்டுக்கும் பிந்தவில்லை. ஒரு மாதமாக ஒரு நாளும் பிந்தவில்லை.

இனி வெள்ளிக்கிழமைக் கதை. என் காலை எட்டு மணி வீடு மரியோ என்கிற கிழவருடையது. எண்பத்தாறு வயது, இத்தாலிக்காரர், மனைவி இல்லை, ஒரே மகன் கல்கரியில். வாழ்நாள் முழுக்கப் பிறருடைய வீடுகளுக்கு மாபிள் பதித்து முழங்கால் இரண்டும் போய்விட்டது. வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது அவருக்குப் போனில் ஒரு கோல் அடிப்பேன். மணி இரண்டாம் தரம் அடிக்கும்போது எடுத்து "கோப்பி ரெடி" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். வெள்ளிக்கிழமை எடுக்கவில்லை. மூன்று தரம் அடித்தேன். எடுக்கவில்லை. ஏறினேன், முறுக்கினேன், பறந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

ஷெப்பேட் ரோட்டில் பின்னால் "ஊவ்" என்று ஒரு சத்தம். அம்புலன்ஸாக்கும், மரியோவுக்குத்தான் போகிறதாக்கும் என்று நினைத்து வழி விட்டேன். அது போகவில்லை, என் பின்னாலேயே வந்து நின்றது. பொலிஸ். இறங்கி வந்தது ஒரு பொம்பிளைப் பிள்ளை, ஸ்டெபனியை விட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். என் முகத்தைப் பார்த்தாள், கழுத்தில் தொங்கிய மாதா சுரூபத்தைப் பார்த்தாள்.

"அன்ரி, தமிழா நீங்க? ஓகே, குட். என்ர பேர் சிவானி. பெடல் எங்க?"

"வீட்டில இருக்குப் பிள்ளை. பத்திரமாக் கட்டிலுக்குக் கீழ."

"வீட்டில இருந்தா அது சைக்கிள் இல்லை, அன்ரி."

"அப்ப என்ன?"

"பெடல் இல்லாட்டி சட்டத்தில இது மோட்டார் வெஹிக்கிள். அப்ப லைசன்ஸ் வேணும், பிளேற் வேணும், இன்சூரன்ஸ் வேணும். உங்களிட்ட மூண்டும் இல்லை. ஸ்பீட் வேற முப்பத்திரண்டுக்கு மேல போகேலாது. நீங்க நாப்பத்தியொண்டில வந்தனீங்க. அன்ரி, திஸ் இஸ் சீரியஸ்."

அண்ணை, பெடல் இருந்தால் சைக்கிள், கழற்றினால் குற்றம் என்பது எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. எனக்கு நினைவில் வந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் வேலைக்குப் பொலிஸ் பதிவு சுத்தமாக இருக்கவேண்டும். அதில் ஒரு கீறல் விழுந்தால் ஒரு வீட்டுக்குள்ளும் விடமாட்டார்கள். பதினெட்டு வருஷ வேலை, இரண்டு பெடலில் போகப்போகிறது. அதற்குள் மரியோவின் போன் ஞாபகம் வந்தது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்து, பொலிஸ் என்றும் பாராமல் சத்தம் போட்டுவிட்டேன்.

"பிள்ளை, என்னை என்ன செய்தாலும் செய். ஆனா முதல் அந்த மனிசன்ர வீட்டுக் கதவைத் திறப்பம். அவர் போன் எடுக்கேல்லை. எண்பத்தாறு வயசு. தனிய."

அந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஏறுங்க" என்றாள். முன் சீற்றில் ஏதோ மெஷின்கள் இருந்ததால் பின்னால் ஏற்றினாள். பின் சீற் பிளாஸ்ரிக், கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது. நான் ஹெல்மெற்றோடேயே இருந்தேன். இந்த இடத்தில்தான், நீங்கள் ஏழு மெசேஜ் விடக் காரணமான சம்பவம் நடந்தது. சிக்னலில் கார் நிற்கிறது. பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் யார் நிற்கிறது? எங்கள் கோயில் பங்கு றோஸ்மேரி. ஊரில் தந்தி போவதற்கு முதல் செய்தி கொண்டுபோனவள். என்னைக் கண்டதும் வாயைப் பிளந்தாள். விலங்கு ஒன்றும் இல்லையடி என்று காட்டுவதற்காக நான் இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினேன். அதை அவள் நான் சரணடைவதாக விளங்கிக்கொண்டாள். மிச்சத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். துப்பாக்கி என்று யார் சேர்த்தது என்று எனக்குத் தெரியாது.

மரியோ வீட்டுக் கதவுப் பூட்டைத் திறக்கிற இரகசிய இலக்கம் எனக்குத் தெரியும். திறந்துகொண்டு ஓடினோம். குளியலறை நிலத்தில் கிடந்தார். சுவரோடு சாய்ந்து, ஒரு துவாயைப் போர்த்திக்கொண்டு, உதடு நீலமாக. ஆறு மணியிலிருந்து அப்படியே கிடக்கிறாராம். போன் அடிப்பது கேட்கிறதாம், எழும்ப முடியவில்லையாம். என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "யூ ஆர் லேட்." நான் அவருடைய தலையை என் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதேன். சிவானி அம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, படுக்கையறையிலிருந்து கம்பளி எடுத்து வந்து போர்த்தி, கால் இரண்டையும் தன் கையாலேயே உரஞ்சி உரஞ்சிச் சூடேற்றினாள். அம்புலன்ஸ்காரர் வந்து பார்த்து, எலும்பு ஒன்றும் முறியவில்லை, கண்டல் காயம்தான், நல்லாய்க் குளிர்ந்துபோய்விட்டார் என்றார்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் போயிருந்தால் கதை வேறு என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். பஸ்ஸுக்கு நின்றிருந்தால் அந்த ஒரு மணித்தியாலம் போயிருக்கும், அண்ணை.

மரியோவுக்குக் கொஞ்சம் சூடு ஏறினதும் பொலிஸ் உடுப்பு கண்ணில் பட்டது. இவளை ஏன் பிடித்தாய் என்று தன் இங்கிலிஷில் கேட்டார். பெடல் இல்லாமல் ஓடினா என்று சிவானி சொன்னாள். கிழவர் யோசித்தார். "எனக்கும்தான் இரண்டு காலும் வேலை செய்யிறதில்லை, என்னையும் பிடி" என்று இரண்டு கையையும் நீட்டினார். அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்துவிட்டது.

வெளியே வந்து சொன்னாள்: "அன்ரி, இண்டைக்குத் தண்டம் இல்லை, வோணிங் மட்டும். ஆனா நான் விளையாட்டுக்குச் சொல்லேல்லை. போன மாசம் ஒரு அங்கிளை ரோட்டில இருந்து தூக்கினது நான். அதுவும் இப்பிடி ஒரு வண்டிதான். பெடலைப் பூட்டுங்க, ஸ்பீடைக் குறையுங்க, கொண்டு வந்து எனக்குக் காட்டுங்க. அதுவரைக்கும் ஏறவே கூடாது. தள்ளிக்கொண்டு போங்க."

தள்ளினோம். நான் போன் பண்ண உங்கள் மச்சான் பஸ்ஸில் வந்து சேர்ந்தார், வண்டியை விட்ட ஷெப்பேட் ரோட்டிலிருந்து இருவருமாக நாலரைக் கிலோமீற்றர் தள்ளினோம். ஓடும்போது இறகு மாதிரி இருந்த சாமான் தள்ளும்போது செத்த மாடு மாதிரி இருந்தது. பாலத்து ஏற்றத்தில் நான் முன்னாலிருந்து இழுக்க, இவர் பின்னாலிருந்து தோளைக் கொடுத்தார். கலியாணம் கட்டிய பிறகு நாங்கள் இவ்வளவு தூரம் சேர்ந்து நடந்தது இதுதான் முதல் தரம். லொறி உரசின கதையையும் அந்த ஏற்றத்தில்தான் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. தள்ளிக்கொண்டே, "நாளைக்கு உனக்கு ஒரு பிரகாசமான மஞ்சள் சட்டை வாங்குவம், தூரத்தில வரேக்கையே தெரியவேணும்" என்றார். வாங்கியும் தந்தார். போட்டால் நான் ரோட்டு வேலைக்காரி மாதிரித்தான் இருக்கிறேன். பரவாயில்லை, இப்போது லொறிகள் விலகிப் போகின்றன.

பெடல் பூட்டியது அடுத்த கூத்து. வலது பக்கம் உடனே ஏறிவிட்டது. இடது பக்கம் முக்கால் மணித்தியாலம் முறுக்கியும் ஏறவில்லை. "இருபத்தாறு வருஷம் ஃபக்டரியில நட்டுப் பூட்டினவன் நான்" என்று இவர் வியர்த்து விறுவிறுத்து நின்றார். கடைசியில் கீதனைக் கூப்பிட்டோம். நான் அவருக்குக் கொடுத்த ஏச்சில் விட்பியிலிருந்து அரை மணித்தியாலத்தில் வந்து நின்றார். "அங்கிள், இடது பெடலுக்கு மரை மறுபக்கம். எதிராத்தான் சுத்தவேணும்" என்று இரண்டு சுற்றில் பூட்டினார். வேகத்தையும் முப்பத்திரண்டுக்கு இறக்கினார். ஸ்டெபனி பக்கத்தில் நின்று, சட்டத்தைப் போனில் வைத்து வரி வரியாக வாசித்து, மோட்டார் எத்தனை வாற்ஸ், பாரம் எத்தனை கிலோ, பிரேக் எத்தனை என்று கேட்கக் கேட்க, கீதன் பள்ளிக்கூடத்தில் எழும்பி நிற்கிற பிள்ளை மாதிரிப் பதில் சொன்னார். இனிமேல் தான் விற்கிற ஒன்றிலும் பெடலைக் கழற்றுவதில்லை என்று என் முன்னால் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் போனார்.

வேலைக் கதையும் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலை மனேஜர் கூப்பிட்டார். கோயில் உடுப்பைப் போட்டுக்கொண்டு, வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு போனேன். கல்கரியிலிருந்து மரியோவின் மகன் போன் பண்ணி அழுதாராம், என்னை மாற்றவேண்டாம் என்றாராம். மனேஜர் ஒரு படிவம் நீட்டினார், அவ்வளவுதான். அதில் ஒரு கேள்வி: சம்பவ இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள்? கார், பஸ், சைக்கிள், நடை, வேறு. நான் யோசித்துப் பார்த்துவிட்டு, வேறு என்பதில் கோடு போட்டு, பொலிஸ் கார் என்று எழுதினேன். பொய் எழுதக்கூடாது அல்லவா?

பின்னேரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு பொலிஸ் ஸ்ரேஷனுக்குப் போனேன். சிவானி வெளியே வந்து, மோட்டாரை நிற்பாட்டிவிட்டு மிதித்துக் காட்டச் சொன்னாள். அண்ணை, அந்தப் பார்க்கிங் லொட்டில், மஞ்சள் சட்டையோடு, ஐம்பத்தெட்டு வயதில், பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். வண்டி நத்தை மாதிரி நாலு கஜம் நகர்ந்தது. நகர்ந்ததுதான் முக்கியம். அந்தப் பிள்ளை கையைத் தட்டி, "லீகல், அன்ரி!" என்றாள். எனக்குக் கண்ணால் தண்ணி ஓடத் தொடங்கியது. இத்தனை நாள் நெஞ்சுக்குள் இருந்த கல் அந்தப் பார்க்கிங் லொட்டிலேயே விழுந்துவிட்டது. இப்போது சுவாமி கேட்டாலும் சொல்லுவேன், பொலிஸ் கேட்டாலும் சொல்லுவேன்: அது சைக்கிள்.

ஆகவே அண்ணை, பரிஸுக்கும் லண்டனுக்கும் றோஸ்மேரிக்கும் நீங்கள் சொல்லவேண்டியது இதுதான். அருள்நாயகி கைதாகவில்லை. துப்பாக்கி இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒரு தண்டப்பண ரிக்கற்றும் இல்லை. மரியோ சுகம், இன்று காலை மணி இரண்டாம் தரம் அடிக்கும்போதே போனை எடுத்துக் "கோப்பி ரெடி" என்றார். நான் சட்டப்படி, மெதுவாக, ஹெல்மெற்றோடும் மஞ்சள் சட்டையோடும் போய் வருகிறேன். இவரைப் பற்றியும் கவலை வேண்டாம். அந்த வண்டியில் ஏறவே மாட்டார், அவ்வளவு பயம்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் இரண்டு காரையும், நீங்கள் ரோட்டில் கத்துகிற ஆட்களையும், உங்கள் பிரஷரையும் தேவமாதா ஒருமிக்கக் காப்பாற்றுவாராக.

இப்படிக்கு,
கைதாகாத உங்கள் தங்கச்சி,
அருள்நாயகி

பி.கு: மச்சான் றொபேட்டுக்கு, அல்பேட் எழுதுகிறேன். இதைத் தபாலில் போடச் சொல்லி நாயகி என்னிடம் தந்தவ. ஒட்டின உறையைத் திறந்துதான் இதை எழுதுகிறேன், ஆண்டவர் மன்னிப்பாராக. வேலை முடிந்து வந்து அவ நித்திரைகொள்ளும் நேரம், ஒரு மாதமாக ஒவ்வொரு நாளும் நான் அந்தச் சைக்கிளில் ஏரிக்கரை மட்டும் போய் வாறனான். நல்ல காற்று. முழங்கால் வலிகூடக் குறைந்துபோச்சு. இன்றைக்கும் தபால்பெட்டிக்கு அதில்தான் வந்தேன். லொறிக்குப் பயத்தில் நடைபாதையால் வந்தேன், ஹெல்மெற் அவவின் அறைக்குள் இருந்தபடியால் போடவில்லை. அந்தப் பிள்ளை சிவானிதான் பிடித்தது. வண்டியை அடையாளம் கண்டு சிரித்தது, சிரித்துக்கொண்டே இரண்டு ரிக்கற் எழுதியது. என் லைசன்ஸில் இன்னும் உங்கட வீட்டு பேஸ்மென்றில் இருந்த காலத்து விலாசம்தான் இருக்கு, மாற்றவில்லை. அதையும் சொல்லி ஏசினது. இனி இந்த ரிக்கற்றுகளைப் பற்றி வாற கடிதமெல்லாம் மிசிசாகாவுக்கு உங்கட வீட்டுக்குத்தான் வரும். திறக்காமல் வையுங்கோ. தங்கச்சிக்குச் சொல்லவேண்டாம். சனிக்கிழமை வந்து எடுக்கிறேன், பஸ்ஸில்.